வாசகர் கேள்வி – பதில்: பாரமான மெசினா, பலமான மெசினா?

காலபோக உழவு தொடங்க முந்தி மெசின் (உழவு இயந்திரம், ட்ராக்டர்) எடுக்க நினைப்பவர்களின் கடிதங்கள் இந்த முறை நிறைய வந்திருக்கின்றன. பெரும்பாலும் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: எத்தனை குதிரை வலு, எத்தனை கிலோ? வன்னியில் ஒரே ஊரிலேயே செம்மண் மேடும் களிப் பள்ளமும் அடுத்தடுத்துக் கிடப்பதால் ஒருவருக்குச் சரியான பதில் அடுத்த வீட்டாருக்குப் பிழையாகலாம். அதனால் ஒவ்வொரு கடிதத்துக்கும் தனியாகவே பதில் தருகிறோம்.

துணுக்காய் வாசகர்: வவுனிக்குளத்தின் கீழ் எட்டு ஏக்கர் வயல் இருக்கிறது. அயலில் முப்பது ஏக்கர் வரை கூலிக்கு உழுவேன். முக்கால்வாசியும் சேற்று உழவு. பெட்டி (ட்ரெய்லர்) பூட்டுவது நெல் ஏற்றுகிற நேரம் மட்டும். இரண்டு மெசின் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 47 குதிரை வலு, 1,900 கிலோ, பின்சில்லு மட்டும் இழுப்பது. மற்றது 45 குதிரை வலு, 1,400 கிலோ, நாலு சில்லும் இழுப்பது. அப்பா பாரமானதை எடுக்கச் சொல்கிறார். எதை எடுக்கலாம்?

பதில்: உங்கள் வேலைக்கு 1,400 கிலோ மெசின். ஆனால் அப்பா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை விளங்கிக்கொண்டு எடுங்கள்.

பாரம் தேவைப்படுவது இழுவைக்கு. காய்ந்த நிலத்தில் தட்டுக் கலப்பையை இழுக்க வேண்டுமென்றால் சில்லு நிலத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடிக்க வைப்பது சில்லின் மேல் நிற்கிற பாரம். உறுதியான நிலத்தில் சில்லின் மேல் உள்ள பாரத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் இழுவையாக எடுக்கலாம். 1,900 கிலோ மெசினில் பின்சில்லின் மேல் நிற்பது 1,200 கிலோ அளவில். ஆகவே 600 கிலோ இழுவை. எஞ்சினில் அதற்கு மேல் எவ்வளவு பலம் இருந்தாலும் சில்லு சறுக்குமே தவிர கலப்பை நகராது. தட்டுக் கலப்பையும் பெட்டியுமே முக்கிய வேலையாக இருந்த காலத்தில் பாரமான மெசினை எடுத்தவர்கள் சரியாகத்தான் எடுத்தார்கள்.

சேற்றில் ரொட்டவேற்றர் (சுழல் கத்திக் கலப்பை) போடும்போது கணக்கு மாறுகிறது. அதன் கத்திகள் மெசினின் சில்லு சுற்றுகிற பக்கமே சுற்றுகின்றன. மண்ணைப் பின்னுக்கு வெட்டி எறியும்போது மெசினை முன்னுக்குத் தள்ளுகின்றன. இழுவை கிட்டத்தட்டத் தேவையே இல்லை. எஞ்சினின் பலம் சில்லு வழியாகப் போகாமல் பின்தண்டு வழியாக நேரே கத்திக்குப் போகிறது. அந்த வேலைக்கு மிச்சமான 500 கிலோ பாரம் உதவாது, தாழ்த்தத்தான் செய்யும். சேற்றுக்குள் தாண்டு நிற்கிற சில்லு எப்போதும் தன் முன்னால் உள்ள மண் படியில் ஏறிக்கொண்டே போகிறது. அந்த ஏற்றத்துக்குப் போவது உங்கள் டீசல்.

இன்னொன்று, பின்சில்லு மட்டும் இழுக்கிற மெசினின் முன்சில்லைக் குனிந்து பாருங்கள். 6.00-16 ரயர், ஆறு அங்குல அகலம். அதன் மேல் 700 கிலோ நிற்கிறது. தானும் சுற்றாமல் தள்ளுப்பட்டுப் போகிற அந்தச் சில்லு சேற்றில் கொழு மாதிரி மண்ணைக் கிழித்துக்கொண்டுதான் போகும். மெசின் தாழ்வது பல தரம் முன்சில்லில்தான் தொடங்குகிறது. நாலு சில்லும் இழுக்கிற மெசினில் முன்சில்லு அகலமானது, தானே ஏறிப் போகிறது. அதன் மொத்தப் பாரமும் இழுவைக்கு உதவுவதால் காய்ந்த நிலத்திலும் 1,400 கிலோவில் பாதி, 700 கிலோ வரை இழுக்கும். ஆனால் பாரமான கலப்பையைப் பின்னால் தூக்கிப் பூட்டினால் முன்சில்லு இலேசாகி இந்த நன்மையில் ஒரு பங்கு போய்விடும்.

பெட்டியில் மட்டும் கவனமாக இருங்கள். 65 கிலோ மூடை ஐம்பது ஏற்றினால் 3,250 கிலோ, பெட்டியின் பாரத்தோடு நாலு தொன்னைத் தாண்டும். பெட்டிக்குப் பிரேக் இல்லையென்றால் அத்தனையையும் நிறுத்த வேண்டியது 1,400 கிலோ மெசின். குளக்கட்டில் இருந்து இறங்கும்போது பெட்டி மெசினைத் தள்ளி மடித்துவிடும். உங்கள் மெசினுக்கு முப்பது மூடையோடு நிறுத்துங்கள். இறக்கத்துக்கு முன்னமே சின்னக் கியருக்கு மாறுங்கள், இரண்டு பிரேக் மிதியையும் கொளுவி ஒன்றாக்குங்கள். வருசம் முழுக்க மணலும் கல்லும் ஏற்றுகிறவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் 1,900 கிலோவை எடுக்கச் சொல்லியிருப்போம்.

பாவித்த மெசின் என்றால் முன் அச்சை விட்டுவிடாதீர்கள். ஒரு இரவு முழுக்க ஆடாமல் நிற்கவிட்டு, காலையில் முன் அச்சின் அடி ஆணியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினாலோ, எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தாலோ சீல் போய்விட்டது, சேறு உள்ளே போயிருக்கிறது. அந்த மெசினில் சீலோடு பெயரிங்கும் பற்சில்லும் செலவு வைக்கும்.

முருங்கன் வாசகர்: கறுப்புக் களி நிலம். என்னுடைய 50 குதிரை வலு மெசின் ஒவ்வொரு போகமும் இரண்டு மூன்று தரம் தாழ்கிறது. சில்லுக்குள் தண்ணீர் நிரப்பிப் பாரம் கூட்டினால் பிடிக்கும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வால்வை மேற்பக்கம் கொண்டுவந்து நடு ஊசியை அமத்தினால் காற்று மட்டும் வரும். சில்லைச் சுற்றி வால்வைக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து அமத்தினால், உள்ளே தண்ணீர் இருந்தால் பீறும். 13.6-28 அளவு ரயரில் முக்கால் பங்கு நிரப்பினால் 180 லீற்றர் அளவில் பிடிக்கும். இரண்டு சில்லிலும் 360 கிலோ. காய்ந்த நிலத்து இழுவைக்காக முன்னைய சொந்தக்காரர் நிரப்பியிருப்பார், நீங்கள் அதைச் சுமந்துகொண்டு களிக்குள் இறங்குவீர்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, வால்வைக் கீழே கொண்டுவந்து ஊசியைக் கழற்றி இறக்கிவிடுங்கள்.

முருங்கன் களி ஈரத்தில் ஊதும், காய்ந்தால் கை போகிற அளவுக்கு வெடிக்கும். வருசா வருசம் இப்படி ஊதி வெடிப்பதால், மற்ற வயல்களில் உழவுக்குக் கீழே இறுகிக் கிடக்கிற அடி மண்படை இங்கே உறுதியாக உருவாவதில்லை. சேற்று வயலில் மெசினைத் தாங்குவது மேலே கலங்கிய சேறு அல்ல, இந்த அடி மண்படைதான். அது எங்கே இருக்கிறது என்று இறங்க முந்தித் தெரிந்துகொள்ளலாம். அரை அங்குல இரும்புக் கம்பி ஒன்றை எடுத்து, பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு கீறுங்கள். தண்ணீர் கட்டி இரண்டு நாள் ஊறிய வயலில் பத்து இடத்தில் உடம்புப் பாரத்தால் மட்டும் அமத்துங்கள், குத்த வேண்டாம். 20 சென்ரிமீற்றரில் கம்பி முட்டி நின்றால் தைரியமாக இறங்கலாம். 30 வரை போனால் இரும்புச் சில்லோடு இறங்குங்கள். 40-ஐயும் தாண்டி வழுக்கிக்கொண்டு போனால் அந்த மூலைக்குப் போக வேண்டாம். உங்கள் மெசினின் அடிவயிறு நிலத்தில் இருந்து 35, 40 சென்ரிமீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. வயிறு சேற்றில் இருந்துவிட்டால் பிறகு சில்லு சும்மா சுற்றும். கம்பி தாழ்ந்த இடங்களில் தடி நட்டு அடையாளம் வையுங்கள், அடுத்த போகமும் உதவும்.

ரயர்க் காற்றையும் பாருங்கள். றோட்டுக்கு வைத்த 20 இறாத்தலோடு வயலுக்குள் இறங்குகிறவர்கள் பலர். பின்சில்லை 12 இறாத்தலுக்கு இறக்கினால் ரயர் பரந்து இருக்கும், அதே பாரம் கூடிய இடத்தில் பகிரும். 12-க்குக் கீழே போகாதீர்கள். ரிம்முக்குள் ரயர் வழுக்கி, ரியூப்பின் வால்வைப் பிடுங்கிவிடும். பெட்டி பூட்ட முந்தித் திரும்ப 18, 20-க்கு ஏற்றுங்கள்.

இரும்புச் சில்லுப் பூட்டுகிறபோது களி அரைகுறை ஈரத்தில் இருந்தால் சட்டங்களுக்கு இடையில் அப்பி உருளையாகிவிடும், பிடிமானமே இராது. ஐந்து முதல் எட்டுச் சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் அது தானே கழுவிக்கொண்டு போகும். முதல் ஒரு மணித்தியாலம் ஓட்டியதும் நிறுத்தி எல்லா நட்டையும் திரும்ப இறுக்குங்கள். பூட்டும்போது இறுகியதாகத் தெரிந்தாலும் வண்ணமும் துருவும் நசிந்து தளர்வது வழக்கம்.

விசுவமடு வாசகர்: இலேசான 45 குதிரை வலு மெசினுக்கு ஆறடி ரொட்டவேற்றர் எடுத்தேன். தூக்கி வரம்பு கடக்கும்போது முன்சில்லு எழும்புகிறது. ஸ்ரெயரிங் திருப்பினாலும் நேராகப் போகிறது. ஐந்தடிக்கு மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றினால் நல்லது. மாற்ற வசதியில்லையென்றால் முன்னுக்குப் பாரம் போடுங்கள். எவ்வளவு என்பதைக் கணக்கால் காட்டுகிறோம், உங்கள் மெசினின் இலக்கங்களைப் போட்டு நீங்களே செய்யலாம்.

மெசின் 1,400 கிலோ, அதில் முன் அச்சில் நிற்பது 560. ஆறடி ரொட்டவேற்றர் 430 கிலோ. தூக்கியிருக்கும்போது அதன் நடுப்பாரம் பின் அச்சில் இருந்து 1.2 மீற்றர் பின்னால். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடை 1.85 மீற்றர். 430-ஐ 1.2 ஆல் பெருக்கி 1.85 ஆல் பிரித்தால் 279. அதாவது தூக்கிய உடனே முன் அச்சில் இருந்து 279 கிலோ குறைகிறது. மிச்சம் 281. மெசினும் ரொட்டவேற்றரும் சேர்ந்த பாரம் 1,830. முன் அச்சில் நிற்பது அதில் நூற்றுக்குப் பதினைந்துதான். இருபது இருந்தால்தான் ஸ்ரெயரிங் கேட்கும்.

முன் பம்பரில் கொளுவுகிற 25 கிலோ இரும்புக் கட்டி மூன்று போடுங்கள். முன் அச்சுக்கும் முன்னால் தொங்குவதால் 75 கிலோ, 99 கிலோ போல வேலை செய்யும். 380 கிலோ வந்துவிடும், மொத்தத்தில் இருபது சதவீதம். சேற்றுக்கு இலேசான மெசினை எடுத்துவிட்டுக் கட்டி போடுவதா என்று யோசிக்காதீர்கள், 75 கிலோ தாழ்த்தாது. ரொட்டவேற்றருக்கு மேலே ஆள் ஏறி நிற்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது கணக்கையும் கெடுக்கும், ஆளையும் கொல்லும். ஒருவரையும் ஏற்றாதீர்கள்.

வரம்பைக் கடக்கும்போது ரொட்டவேற்றரை முழு உயரத்துக்குத் தூக்க வேண்டாம், நிலத்தை விட்டு ஒரு சாண் போதும். பின்தண்டை நிறுத்திவிட்டுத்தான் தூக்குங்கள். உயரத் தூக்கிய நிலையில் சுற்றவிட்டால் இணைப்புத் தண்டின் மூட்டு அளவுக்கு மேல் மடிந்து, அதற்குள் இருக்கிற சிலுவை நொறுங்கும். அந்த அடி கியர்ப்பெட்டிக்கும் போகும்.

வவுனியா வாசகர்: ஒரே 45 குதிரை வலு என்று எழுதியிருக்கிறது. ஒன்றில் 2,500 சீசீ மூன்று சிலிண்டர், மற்றதில் 2,200 சீசீ நாலு சிலிண்டர். சீசீ கூடியது பலமானதுதானே?

பதில்: பலம் ஒன்றுதான், அதை எடுக்கிற வேகம் வேறு. பழைய மசி பெர்குசன் 135, 240 போன்றவற்றில் உள்ள பேர்கின்ஸ் 2.5 லீற்றர் மூன்று சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,250 சுற்றில் தன் முழுப் பலத்தைத் தருகிறது. சீசீ குறைந்த எஞ்சின் அதே பலத்துக்கு 2,600 சுற்று வரை ஓட வேண்டியிருக்கும். கட்டியான மண்ணில் கத்தி இறுகும்போது மெதுவாக ஓடுகிற பெரிய சிலிண்டர் கொஞ்சம் பொறுத்து இழுக்கும். வேகமாக ஓடுவது சட்டென்று இறங்கும், நீங்கள் கியரை முன்கூட்டியே குறைத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் பெரிய எஞ்சின் தானே பாரம் கூடியது, சேற்றில் அந்த இடத்தில் அது தோற்கும்.

ஸ்ரிக்கரில் உள்ளது எஞ்சினின் வலு. பின்தண்டில் கிடைப்பது அதில் நூற்றுக்கு எண்பத்தைந்து அளவில். 45 என்றால் 38. ரொட்டவேற்றரை இந்த 38-க்குத்தான் பொருத்த வேண்டும். ஸ்ரிக்கர் வலுவால் சொன்னால், 35 குதிரை வலு வரை ஐந்தடிக்கு மேல் வேண்டாம். 45-க்கு ஐந்தடி சுகமாகவும் ஆறடி சேற்றில் மட்டும் சமாளித்தும் ஓடும். ஏழடி 55-க்குத்தான். டீசல் எஞ்சின் பாரத்தோடு ஓடும்போது ஒரு குதிரை வலுவுக்கு மணித்தியாலத்துக்கு 0.22 லீற்றர் அளவில் குடிக்கும். 38-இல் எழுபது சதவீதம் எடுத்தால் ஆறு லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. இதைவிட மிகக் கூடக் குடித்தால் எஞ்சினைக் குறை சொல்ல முந்தி எயர் கிளீனரைத் திறந்து பாருங்கள். கிரவல் றோட்டில் பெட்டியோடு ஓடுகிற மெசினுக்கு எண்ணெய்க் கிண்ண எயர் கிளீனர் என்றால் தினமும் திறந்து, அடியில் அரை அங்குலச் சேறு படிந்திருந்தால் எண்ணெயை மாற்ற வேண்டும்.

ஒட்டுசுட்டான் வாசகி: இரண்டு ஏக்கர் வயல். நானும் மகனும்தான். நாலு சில்லு மெசின் எங்களுக்கு ஏலாது. லான்ட் மாஸ்ரர் (இரண்டு சில்லுக் கை மெசின்) காணுமா?

பதில்: காணும். பன்னிரண்டு குதிரை வலு, 815 சீசீ ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் பூட்டியதை எடுங்கள். ஊரில் நிறைய ஓடுவதால் உதிரிப்பாகமும் சுலபமாகக் கிடைக்கும்.

எவ்வளவு வேலை என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். சுழல் கத்தி 60 சென்ரிமீற்றர் அகலம். ஒரு ஏக்கரை ஒருமுறை உழ, சேற்றுக்குள் ஆறே முக்கால் கிலோமீற்றர் பின்னால் நடக்க வேண்டும். திரும்புகிற நேரத்தோடு நாலு மணித்தியாலத்துக்கு மேல். இரண்டு ஏக்கரையும் இரண்டு தரம் உழுவதென்றால் நாளுக்கு ஒரு ஏக்கரில் ஒரு தரமாக நாலு நாள். மகனோடு மாறி மாறிப் பிடியுங்கள். வேலைக்கு முன்னும், ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு முறையும் எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். இந்த எஞ்சின் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்கிறது, கொதிப்பது பழுதல்ல, வற்றுவதுதான் பழுது. மூடியைத் திறக்க முந்தி எஞ்சினை நிறுத்தி ஆவி அடங்கவிடுங்கள்.

பெட்டி பூட்டி இறக்கத்தில் போகும்போது நடப்பதை மகனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். மட்டமான இடத்தில் இடக்கைக் கிளச்சைப் பிடித்தால் மெசின் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பெட்டி தள்ளும்போது அதே கிளச்சைப் பிடித்தால் வலப்பக்கம் திரும்பும். விடுபட்ட சில்லு வேகமாக உருள, கியரில் இருக்கிற சில்லு தடுப்பதுதான் காரணம். குளக்கட்டில் இதை மறந்தவர்கள் பெட்டியோடு கவிழ்ந்திருக்கிறார்கள். இறக்கத்தில் கைக்கிளச்சைத் தொடாமல், சின்னக் கியரில், ஹாண்டிலைக் கையால் தள்ளியே திருப்பச் சொல்லுங்கள்.

முள்ளியவளை வாசகர்: சேற்றில் தாண்ட (புதைந்த) மெசினைத் தனியாளாக எடுக்க, பின்சில்லு இரண்டுக்கும் குறுக்கே மரக்குற்றி கட்டி முன்னுக்கு ஓட்டலாம் என்று ஒரு அண்ணை சொன்னார். சரியான முறையா?

பதில்: வேண்டவே வேண்டாம். குற்றி நிலத்தில் முட்டி நின்றால் சில்லு சுற்ற வழியில்லை. எஞ்சினின் பலம் சில்லைச் சுற்ற முடியாவிட்டால் மெசினின் உடம்பையே பின் அச்சைச் சுற்றித் தூக்கும். முன்பக்கம் எழும்பி ஆளின் மேல் மல்லாக்க விழ ஒரு செக்கனுக்குக் கொஞ்சம் கூடவே போதும், கிளச்சை மிதிக்க நேரம் கிடைக்காது. தாண்ட மெசினை எடுக்கப் போய் இப்படி மரணங்கள் நடந்திருக்கின்றன.

சில்லு ஒரே இடத்தில் சுற்றத் தொடங்கியதும் நிறுத்துங்கள். சுற்றுகிற ஒவ்வொரு முறையும் அது இன்னும் கிண்டும். ரொட்டவேற்றரோ கலப்பையோ பூட்டியிருந்தால் கழற்றுங்கள், அதுவே நானூறு கிலோ. மண்வெட்டியால் ஒவ்வொரு சில்லுக்கும் பின்னால் சாய்வாக வெட்டி, வயிற்றுக்குக் கீழ் ஒட்டிய மண்ணையும் எடுங்கள். வெட்டிய சாய்வில் பனை மட்டையை அடர்த்தியாகக் குறுக்கே அடுக்குங்கள். வந்த வழியால், பின்கியரில், எஞ்சினை உறுமவிடாமல் மெதுவாக எடுங்கள். பின்னுக்குப் போகும்போது முன்பக்கம் எழும்பாது, உழுத தடமும் முன்னால் உள்ளதைவிடக் கொஞ்சம் உறுதி.

அதற்கும் வராவிட்டால் இன்னொரு மெசினைக் கூப்பிடுங்கள். கம்பிக் கயிற்றை இழுக்கிற மெசினின் கீழ்க் கொளுக்கியில் மட்டும் மாட்டுங்கள். மேல் இணைப்பில் மாட்டினால் அந்த மெசின் மல்லாக்கும். கயிறு நீளமாக இருக்கட்டும், இழுக்கிறவர் உறுதியான வரம்போரத்தில் நிற்கட்டும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கொன்றைப் போடுங்கள், அறுந்தால் வீசாமல் விழும். கயிறு இறுகியிருக்கும்போது அதன் நீளம் அளவுக்குள் ஒருவரும் நிற்கக்கூடாது, முக்கியமாகப் பார்க்க வந்த பிள்ளைகள்.

எடுத்த பிறகு அன்றைக்கே முன் அச்சையும் பின் அச்சையும் கழுவி, கிறீஸ் போடுகிற முனை எல்லாவற்றிலும் பழைய கிறீஸ் சேற்றோடு வெளியே வருமட்டும் அடியுங்கள். அடுத்த நாள் காலை, ஓட்ட முந்தி, கியர் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள்.